உப்பை இறைத்தால் தண்ணீர் தானே வரும்

வெங்காயத்தை அரிந்து உப்புப் பிசிறி வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்பதைச் சமையலறைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே செய்தி பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது சவ்வூடு பரவல் என்ற பெயரையும் ஒரு வரையறையையும் பெற்றுக்கொள்கிறது: கரைபொருளைத் தடுத்து நீரை மட்டும் விடுகிற ஒரு சவ்வின் வழியாக, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு நீர் நகர்வது. வரையறையில் பிழையில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்துவந்த காலத்தில் நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். மாணவர்களும் இரண்டு மதிப்பெண்ணுக்கு அதைத்தான் திருப்பி எழுதினார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரை நிரப்பும் செய்முறையோடு பாடம் முடிந்துவிடுவதால், நீர் வந்தால் உப்பி நீர் போனால் சுருங்குகிற வெறும் பைதான் செல் என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் உயிருள்ள ஒவ்வொரு செல்லும் இந்தப் பரவலைத் தன் வேலைக்குப் பழக்கி வைத்திருக்கிறது. எப்படிப் பழக்கியது என்பதைப் பார்ப்பதற்கு, கடலும் கழியும் கருவாடும் அலையாத்திக் காடும் அருகருகே கிடக்கிற எங்கள் கடலூர்க் கரை தோதான இடம்.

உப்பு நீரை இழுக்கிறது என்று பேச்சில் சொல்கிறோம்; அப்படி ஓர் இழுவை கிடையாது. சவ்வின் இரு பக்கமும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டும் இரு திசையிலும் கடந்துகொண்டும் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஏதேனும் கரைந்திருந்தால், அந்தப் பக்கத்து நீர் அங்கிருந்து வெளியேறும் போக்கு சற்றுத் தணிந்துவிடுகிறது; எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது தணியவில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் சவ்வூடு பரவலாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. இதில் கரைந்திருப்பது எந்தப் பொருள் என்பதைவிட எத்தனை துகள்கள் என்பதே முக்கியம். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒன்றாகவே எண்ணப்படும். சமையல் உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு எனப் பிரிவதால் இரண்டாக எண்ணப்படும். இப்படித் துகள்களை எண்ணிச் சொல்லும் அலகில் நம் இரத்தம் லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மோல், கடல்நீர் 1000க்குச் சற்று மேல், நல்ல ஆற்றுநீர் பத்துக்குள். இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டால், இனி வரும் எல்லாவற்றுக்கும் அவையே போதும்.

இதை முதலில் கண்டு எழுதியவர் நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் மூத்திரப்பையால் இறுக மூடித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்; தோல் மேலே புடைத்து எழுந்தது, ஊசியால் குத்தியபோது பீச்சியடித்தது. ஆண்டு 1748. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயரான போஸ்கவன் எங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து படையோடு கிளம்பிப்போய், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆண்ட புதுச்சேரியை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பினார் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவு வரக்கூடும். நொல்லே பார்த்ததை அளந்தவர் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். நுண்துளையுள்ள மண்கலத்தின் சுவருக்குள்ளேயே செம்பு ஃபெர்ரோசயனைடு சவ்வைப் படியவைத்து, உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றிப் பாதரசக் குழாயை இணைத்தார். நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலான நீர்த்த கரைசலே பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் தூக்கியதை 1877இல் வெளியிட்டார். அந்த எண்களை வைத்துக்கொண்டு, கரைந்த துகள்கள் வாயுத் துகள்களுக்கான அதே கணக்குக்கு அடங்குகின்றன என்று காட்டிய வாண்ட் ஹாஃப், 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். அவருடைய கணக்குப்படி கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். 250 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரின் பாரம் அது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற செல்லின் சவ்வு எதிர்கொள்வது இத்தகைய விசையை என்பதுதான் பாடத்தில் விடுபட்டுப் போகிறது.

தாவர செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே ஒரு சுவர் உண்டு. உள்ளே இருக்கும் சாற்றின் செறிவால் நீர் புகுந்து சவ்வைச் சுவரோடு அழுத்திக்கொண்டே இருக்கும். கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது அந்த அழுத்தத்தால்தான், கூடையில் கிடந்து வாடிய கீரைமீது நீர் தெளித்தால் சற்று நேரத்தில் தலைதூக்குவதும் அதனால்தான். பள்ளி ஆய்வகத்தில் ரியோ இலையின் ஊதா நிறத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு உப்புக் கரைசலை விட்டால், ஊதாச் சாறு நிறைந்திருந்த கட்டங்கள் ஒவ்வொன்றிலும் சவ்வு மூலைகளிலிருந்து கழன்று, நடுவில் உருண்டு திரள்வதைக் கண்ணால் பார்க்கலாம். உடனே நல்ல நீரை விட்டால் பழையபடி விரிந்துவிடும். மாவடுவில் நடப்பது இதன் அடுத்த கட்டம். காம்போடு பறித்த பிஞ்சுகளுக்கு விளக்கெண்ணெய் பூசி, கல்லுப்பும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் தூவிச் சாடியில் குலுக்கி வைக்கிறோம்; ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாளில் வடுக்கள் தாமே விட்ட நீரில் மிதக்கின்றன, தோல் கிழவியின் முகம்போல் சுருக்கம் விழுகிறது. அந்த நாட்களில் ஒரு வடுவைக் கடித்துப் பார்த்தால் நடுச்சதை இன்னும் புளிப்பாகவே இருக்கும், உப்பு உறைத்திருக்காது. ஏனென்றால் உயிருள்ள சவ்வு நீரைத்தான் விட்டது, உப்பை உள்ளே விடவில்லை. நீர் இழந்து செல்கள் இறந்து, சவ்வு தன் காவலைக் கைவிட்ட பிறகுதான் உப்பு உள்ளே போய்ச் சதை ஊறுகிறது. ஆக, ஊறுகாயின் முதல் வாரம் சவ்வூடு பரவல். அதற்குப் பிந்தையது சாதாரணப் பரவல்.

கருவாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். மீன் செத்துவிட்டது; அதன் சதையில் சவ்வின் காவல் ஒழுங்காக இல்லை. அங்கே உண்மையான சவ்வூடு பரவலுக்கு ஆளாவது மீனல்ல, அதன்மேல் வந்து உட்காரும் பாக்டீரியா. உயிரோடு இருக்கும் அந்தச் சிறு செல்லிலிருந்து உப்பு நீரை வெளியேற்றிவிடுவதால் அது பெருக முடியாமல் போகிறது. ஆனால் உப்பையே வீடாகக் கொண்ட நுண்ணுயிர்களும் உண்டு. சரியாகக் காயாத கருவாட்டில் சில நேரம் இளஞ்சிவப்பாக ஒரு படிவு தோன்றுவதும், உப்பளப் பாத்திகளில் நீர் சுண்டச்சுண்டச் செம்மை ஏறுவதும் இவற்றால்தான். இவை செல்லுக்குள் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொண்டு வெளிச்செறிவுக்கு ஈடுகொடுக்கின்றன. நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் சாகின்றன.

விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லை. இதிலிருந்துதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது. செல்லுக்குள் புரதங்கள் முதலான பெரிய மூலக்கூறுகள் நிறைய இருக்கின்றன. அவை வெளியே போக முடியாதவை. அவற்றை ஈடுசெய்ய வரும் அயனிகளையும் சேர்த்து எண்ணினால், செல்லின் உட்பக்கம் எப்போதும் துகள் மிகுந்த பக்கமாகவே இருக்கும். நீர் ஓயாமல் புகுந்து செல் வெடிக்க வேண்டும். ஆனால் வெடிப்பதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறது. 1957இல் இதை இனங்கண்ட டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த இறைப்புக்கே போகிறது. மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும்போது முதலில் நிற்பது இந்த இறைப்புதான். நின்ற சில நிமிடங்களில் செல்கள் உப்பத் தொடங்குகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, இறைக்கப்படுவது உப்பு, தண்ணீர் அல்ல. நீர் மூலக்கூறைப் பிடித்துத் தள்ளும் பம்பு எந்த உயிரினத்திலும் கண்டறியப்படவில்லை. வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர், தொட்டாற்சிணுங்கி இலை மடிவது, இலைத்துளை திறந்து மூடுவது ஆகிய எல்லாவற்றிலும் செல் செய்வது ஒரே வேலைதான்: சோடியத்தையோ பொட்டாசியத்தையோ குளோரைடையோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவது. நீர் பின்னால் தானே போகிறது. வயலில் நீர் பாய்ச்சுகிறவர் தண்ணீரைக் கையால் அள்ளிக்கொண்டு போவதில்லை. மண்வெட்டியால் மடையை வெட்டி மண்ணை இப்படியும் அப்படியும் தள்ளுகிறார், நீர் பள்ளம் பார்த்துப் பாய்கிறது. செல்லுக்கு உப்புதான் அந்த மண். நீர் விரைந்து போக வேண்டிய இடங்களில் அதற்கென்று தனி வாயிலும் உண்டு. அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தின் ஒரு துளை வழியே நொடிக்கு முந்நூறு கோடி அளவில் நீர் மூலக்கூறுகள் கடக்கின்றன. தவளை முட்டை குளத்து நீரில் உப்பாமல் கிடப்பது அந்த வாயில் அதற்கு இல்லாததால்தான். பீட்டர் ஆக்ரேயின் குழுவினர் 1992இல் தவளையின் முட்டை செல்லுக்குள் இந்தப் புரதத்தை உண்டாக்கிவிட்டு, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சில நிமிடங்களில் அது உப்பி வெடித்தது. அவருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. வாயில் எத்தனை அகலமாக இருந்தாலும், எந்தப் பக்கம் போவது என்பதை முடிவு செய்வது உப்பின் இருப்புதான்.

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறையில் காலையில் இறங்கும் கூடைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், அங்கே மூன்று வகையான தீர்வுகள் விலைக்குக் கிடக்கின்றன. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி போன்ற முள்மீன்களின் இரத்தம் கடல்நீரில் மூன்றிலொரு பங்குச் செறிவுதான். நீருக்குள்ளேயே வாழ்ந்தாலும் அவற்றின் உடலிலிருந்து நீர் செவுள் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கடலில் வாழும் மீன் ஓயாமல் தாகத்தில் இருக்கிறது என்று சொன்னால் கதைபோல் இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். ஆகவே அவை கடல்நீரைக் குடிக்கின்றன. குடித்த உப்பைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் வெளியே இறைக்கின்றன. வீராணத்திலிருந்து வரும் கெண்டைக்கும் விராலுக்கும் நிலைமை நேர்மாறு. ஏரிநீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருப்பதால் அவை ஏறக்குறையக் குடிப்பதே இல்லை. நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுளால் நீரிலிருந்து பொறுக்கிக்கொள்கின்றன. உப்பனாற்றுக் கழிமுகத்துக் கொடுவா இரண்டு பள்ளிக்கூடத்திலும் படித்தது. கடலிலிருந்து நல்ல நீருக்குப் போகும்போது செவுளில் உப்பை வெளியேற்றும் செல்களின் இடத்தில் உப்பை ஈர்க்கும் செல்கள் வேலைக்கு வருகின்றன. ஹார்மோன்களின் கட்டளைப்படி இறைப்பின் திசையே மாறிவிடுகிறது.

இறால், நண்டு, ஆளி, மட்டி இவற்றின் வழி வேறு. ஆளியும் மட்டியும் கடலோடு சண்டை போடுவதில்லை; வெளியே எவ்வளவு செறிவோ அவ்வளவைத் தங்கள் உடலிலும் வைத்துக்கொள்கின்றன. ஆனால் செல்லுக்குள் உப்பைக் கொட்டி நிரப்பினால் நொதிகள் வேலை செய்யாது. அதனால் கிளைசின், அலனின், டாரின் போன்ற சிறிய, தீங்கு செய்யாத மூலக்கூறுகளைச் செல்லுக்குள் சேர்த்துத் துகள் எண்ணிக்கையைச் சரிக்கட்டுகின்றன. இறாலின் தசைச் செல்களும் அப்படியே. கிளைசினும் அலனினும் இனிப்புச் சுவை உடையவை. கழியில் பிடித்த இறாலைப் புளி கூடச் சேர்க்காமல் வெறும் மஞ்சளும் உப்பும் போட்டு வதக்கினாலே நாக்கில் தெரிகிற அந்த இனிப்பு, கடலின் செறிவுக்கு ஈடுகொடுக்க அது சேர்த்துவைத்த சரக்கு. உப்பு ஏறிய நீரில் வளரும் இறாலில் இந்தச் சரக்கு கூடுகிறது, நல்ல நீரில் வளர்வதில் குறைகிறது. வளர்ப்பு இறால் சப்பென்று இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள், அது எந்தக் குளத்தில் எவ்வளவு உப்பில் வளர்ந்தது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது தீர்வு சுறாவுடையது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சுறாவும் திருக்கையும் நாமெல்லாம் கழிவென்று வெளியேற்றுகிற யூரியாவை இரத்தத்திலும் தசையிலும் வேண்டுமென்றே தேக்கிவைத்துக்கொள்கின்றன, நம் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு. அதனால் அவற்றின் இரத்தத்தின் துகள் எண்ணிக்கை கடல்நீரைவிடச் சிறிதளவு கூடிவிடுகிறது. நீர் வெளியே போவதற்குப் பதிலாக மெல்ல உள்ளே வருகிறது, கடல்நீரைக் குடித்துத் தவிக்க வேண்டியதில்லை. அத்தனை யூரியா புரதங்களைக் குலைத்துவிடுமே என்றால், அதற்கு முறிவாக ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைத்திருக்கின்றன. சுறா செத்த பின்பு பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. முதுநகரில் சுறாத் துண்டு போடுகிற அம்மாள் ஒருவர் என்னிடம் கண்ணையோ செதிலையோ பார்க்கச் சொன்னதில்லை. வெட்டிய துண்டை மூக்குக்கு நேரே நீட்டி, “மோந்து பாரு வாத்தியாரே, மூத்திர வாடை அடிச்சா காசே குடுக்காத” என்பார். வேதியியலில் இதைவிடத் துல்லியமான சோதனையை நான் வகுப்பில் செய்து காட்டியதில்லை. சுறாப்புட்டுக்குத் துண்டை வேகவைத்து, தோலை உரித்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டு, சதையை இறுகப் பிழிந்து உதிர்க்கும் நம் வழக்கமும் காரணமில்லாமல் வந்ததல்ல. யூரியா நீரில் நன்றாகக் கரையக்கூடியது. முள்மீன்களிலும் அந்த ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு கொஞ்சம் உண்டு. அது சிதைவதால் வருவதுதான் கடல்மீன் கவிச்சி. ஏரிமீனுக்கு அந்த வாடை குறைவாக இருப்பது, ஈடுகட்ட வேண்டிய உப்பு ஏரியில் இல்லாததால்தான்.

மீனால் இடம்பெயர முடியும். மரத்தால் முடியாது என்பதால் பிச்சாவரம் இன்னும் கடினமான கணக்கு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலான அந்தக் கழிக்காட்டில் சுரபுன்னையின் வேர் கடல்நீரில் நிற்கிறது. சாதாரணப் பயிர் மண்ணிலிருந்து நீர் எடுக்க ஏறத்தாழ 15 வளிமண்டலம் வரை எதிர்த்து இழுக்கும், அதற்கு மேல் வாடிவிடும். கடல்நீரின் எதிர்ப்போ 25. இதை மரம் எப்படி வெல்கிறது என்பதை அளந்தவர் ஷோலாண்டர். 1965இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. வெட்டிய கிளையை ஓர் உருக்குக் கலத்துக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரிய மூடி, உள்ளே வாயுவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வெட்டுவாயில் சாறு எட்டிப் பார்க்கும் கணத்தில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு இழுவிசை கிளைக்குள் இருந்திருக்கிறது. அலையாத்தி மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. இலையில் வெயில் நீரை உலர்த்த, அந்த இழுவிசை வேர்வரை எட்டி, வேரின் சவ்வு உப்பைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தி நீரை மட்டும் விடுகிறது. லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் செய்த சவ்விலிருந்து, இன்று மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வரை நடப்பது இதே எதிர்முகப் பரவல்தான். ஆலையில் அதற்கு 55 முதல் 70 வளிமண்டல அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். மரத்துக்கு வெயில் போதும்.

வேரைத் தாண்டி வந்த மிச்ச உப்பை வெண்கண்டல் இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. பிச்சாவரத்தில் படகு வாய்க்காலுக்குள் நுழையும் இடத்தில் தாழ்ந்த கிளையின் இலையைத் திருப்பிப் பார்த்தால், மழை பெய்து சில நாளாகியிருந்தால், சன்னமான வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருப்பது தெரியும். விரலால் வழித்து நாக்கில் வைத்தால் சந்தேகமற உப்பு. இலைச் செல்லுக்குள் வந்துவிட்ட உப்பை நடுப்பைக்குள் பூட்டிவிட்டு, வேலை நடக்கும் பகுதியில் பீட்டைன் என்ற தீங்கற்ற மூலக்கூறைச் சேர்த்துச் செறிவைச் சரிக்கட்டுகிறது மரம். ஆளி செய்வதும் இதுதான் என்பது நினைவிருக்கும்.

இவ்வளவு வல்லமை இருந்தும் அலையாத்திக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பிச்சாவரமே காட்டியது. பல பத்தாண்டுகள் கூப்புக் கூப்பாக, அதாவது வெட்டுக்கென்று குறித்த பகுதி பகுதியாக, மரங்களை மொட்டையடித்து வெட்டியதில், வெட்டிய திட்டுகளின் நடுப்பகுதி உலர்ந்து தாழ்ந்து தட்டுப்போல் குழிந்துவிட்டது. ஓதத்தில் புகுந்த நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, கடலையும் மிஞ்சிய உப்பாகி, அங்கே கண்டல் கன்றுகூட முளைக்காமல் போயிற்று. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, நடு வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்ந்து பிரியும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து போக வழி செய்த பின்புதான் காடு மீண்டும் ஏறியது. கன்று நடுவதைவிட வாய்க்கால் வெட்டியதுதான் அங்கே வைத்தியம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்த வயல்களிலும் இதே நியாயம்தான்: ஈரம் நின்ற மண்ணிலேயே பயிர் கருகியது, மழை வந்து உப்பைக் கழுவி இறக்கிய பின்புதான் விதைக்க முடிந்தது. யூரியாவை அளவு மீறி வேரடியில் கொட்டிவிட்டுப் பயிர் எரிந்துபோயிற்று என்று சொல்கிறவர்கள் கடல் இல்லாமலேயே ஒரு சிறு சுனாமியைத் தங்கள் பாத்திக்குள் கொண்டுவந்தவர்கள்.

நம் உடலுக்கு வந்தால், கடல்நீரைக் குடித்தால் ஏன் தாகம் தீராது என்பது இப்போது எண்களிலேயே தெரியும். நம் சிறுநீரகம் அதிகபட்சம் 1200 மில்லி ஆஸ்மோல் வரை செறிவான சிறுநீரை உண்டாக்கும். அதில் யூரியாவுக்கும் பங்கு போக, உப்புக்குக் கிடைக்கும் இடம் கடல்நீரின் உப்புக்குப் போதாது. குடித்ததைவிட அதிக நீரைச் செலவிட்டுத்தான் அந்த உப்பைக் கழிக்க முடியும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். வயதானவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு “சோடியம் இறங்கிடுச்சாம்” என்று வீடுகளில் பேசிக்கொள்வதை இப்போது அடிக்கடி கேட்கிறோம். இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் சரிந்தால், நீர் மூளைச் செல்களுக்குள் புகுகிறது. மண்டையோட்டுக்குள் உப்புவதற்கு இடமில்லை. இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் மூளைச் செல்கள் தங்களிடமுள்ள பொட்டாசியத்தையும் டாரினையும் வெளியேற்றி உப்பலைக் குறைத்துக்கொள்கின்றன. ஆளியின் அதே டாரின். அப்படிச் சரிசெய்துகொண்ட மூளைக்கு அவசரமாகச் செறிந்த உப்புநீரை ஏற்றினால் இம்முறை செல்கள் சுருங்கி, நரம்பு உறைகள் சிதையக்கூடும். ஒரே பாட்டிலில் சரியாக்காமல் மருத்துவர்கள் நாள் கணக்கில் மெல்ல ஏற்றுவது ஏன் என்று கோபப்படும் உறவினர்களுக்கு இதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கில்தான் இந்தக் கணக்கு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. காலரா நச்சு குடலைக் கிழிப்பதில்லை. குடல் செல்களின் குளோரைடு வாயிலைத் திறந்தபடி நிறுத்திவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, தண்ணீர் அவற்றின் பின்னால் லிட்டர் லிட்டராகப் போகிறது. வெறும் தண்ணீர் குடித்துப் பயனில்லை, வெறும் உப்புநீரும் போதாது. ஆனால் அதே குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாக வந்தால் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளும் இன்னொரு வாயில் காலராவிலும் கெடாமல் வேலை செய்கிறது. அது சோடியத்தை உள்ளே எடுத்தால் தண்ணீரும் உள்ளே வரும். 1971இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

இன்று கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கலவை ஒரு லிட்டர் நீரில் 245 மில்லி ஆஸ்மோல் வரும்படி கணக்கிடப்பட்டது. இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு, ஆகவே நீர் குடலிலிருந்து உடலுக்குள் போகும். சத்து கூடும் என்று நினைத்து அந்தப் பெரிய பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 200 மில்லி நீரில் அது 1225 ஆகிவிடும். கடல்நீரையும் தாண்டிய செறிவு அது. குடலுக்குள் போனதும் உடலில் எஞ்சியிருக்கும் நீரையே வெளியே கொண்டுவரும். 200 மில்லிக்கென்றே சிறு பொட்டலங்களும் விற்கின்றன. எது எத்தனை நீருக்கு என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.